மெலிசாவின் கதையும் வகுப்பறையும்

அலெக்ஸ் ஜினோ என்பார் எழுதிய சிறுவர் நாவலொன்று 2015ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'ஜோர்ஜ்' என்னும் பெயரோடு வெளிவந்து, 2022இல் 'மெலிசா' எனப் பெயர்மாற்றம் பெற்றது. பிறர் கண்ணுக்கு ஆணாகத் தோன்றும் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று, தன்னைப் பெண்ணென்றே உணர்ந்து, மெலிசா என்னும் பெயரைத் தன் நெஞ்சுள் மறைத்து வாழ்வதே அதன் பொருள். எதிர்ப்புக்குள்ளாகும் நூல்கள் பற்றி அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும் பட்டியலில் 2018, 2019, 2020 ஆகிய மூன்றாண்டுகளிலும் இந்நூலே முதலிடம் பெற்றது. பாலடையாளம் பற்றிய இத்தகைய கதைகளை இடைநிலை வகுப்பாருக்கு வாசிப்புப் பாடமாக விதித்தல் தகுமோ என்பதே அங்கு எழுந்துள்ள வினா. நூலைப் படியாமலே விடை கூறுவார் இரு பக்கத்திலும் உளர்.

கதை எளியது. ஈ. பி. வைற் 1952இல் வெளியிட்ட 'சார்லொட்டின் வலை' என்னும் கதையை வகுப்பார் நாடகமாக நடிக்கின்றனர். சார்லொட் என்னும் சிலந்தியின் பாகத்தை மெலிசா விரும்புகின்றாள். அது பெண்பிள்ளைகளுக்குரியதென ஆசிரியை மறுக்கின்றார். தோழி கெலி தனக்குக் கிடைத்த அப்பாகத்தை இரண்டாம் முறை நாடகம் நடக்கும்போது இவளுக்கு விட்டுக்கொடுக்கின்றாள்.

இந்நூலின் சிறப்பு ஒரு சுட்டுப்பெயரில் உள்ளது. கதைமாந்தர் யாவரும் 'அவன்' என்றே வழங்கும் பிள்ளையை, கதை கூறுவோர் தொடக்கமுதல் 'அவள்' என்கின்றார். ஏன் என்று விளக்குவதில்லை. தமிழில் இதனைப் பெயர்ப்பவர்க்குத் தொல்லை இரட்டிக்கும். இங்கே வினைமுற்றும் பால் காட்டுமன்றோ? இத்தொல்லையைத் தொல்காப்பியர் அறிந்திருந்தார். ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்க்குத் தனக்கென ஈறு இல்லை, அஃது உயர்திணைக்குரிய பாலீற்றையே கொள்ளும் எனக் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே அவர் விதி செய்துள்ளார். அவ்விதியை இலக்கணமாக வகுப்பில் கற்பிக்கும்போது முகஞ்சுளிப்பார் எவருமிலர்.

குறையும் உண்டு. தோழியும் தமையனும் உண்மையை அறிந்த அளவிலேயே பெரிதும் தயங்காது ஏற்றுக்கொள்கின்றனர். தாயின் தடுமாற்றமொன்றே உயிருள்ளது. மறுக்கும் ஆசிரியைக்கோ மனமென ஒன்று இருந்ததாகவே தோன்றவில்லை. ஆசிரியர்களைக் கதாசிரியர் இவ்வாறு நடத்துதல் புதிதன்று.

இக்குறைகளை மாணவரே கண்டு சொல்ல இடமளிப்பதுதான் இலக்கிய வகுப்பு. மேரிலாந்து மாநிலத்து மொன்கொமரி மாவட்டத்தில் நடந்ததோ வேறு. ஆங்குள்ள கல்விச்சபை 2022இல் கீழ்வகுப்புகளுக்கு இப்பொருள் பற்றிய படக்கதைகளைச் சேர்த்தது; பிள்ளைகள் ஐயம் எழுப்பினால் ஆசிரியர் சொல்லத்தக்க விடைகளையும் எழுதி வழங்கியது; பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோர்க்கு முதலில் இருந்த உரிமையை 2023இல் நீக்கியது. இசுலாமியரும் கிறித்தவருமான பெற்றோர் வழக்காடினர். வழக்கு முடியும்வரை முன்னறிவித்தலும் பிள்ளையை விலக்க இடமளித்தலும் வேண்டுமென உயர்நீதிமன்றம் 2025 ஜூன் 27ஆம் திகதி, ஆறு நீதியரசர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு பெற்றோர் மனச்சான்றைக் காத்தது. எனினும் அதற்கொரு விலை உண்டு. மெலிசாவைப் போன்ற பிள்ளை ஒன்று வாங்கில் வாய்திறவாது அமர்ந்திருக்க, அதன் கதை தொடங்கியவுடன் தோழர் சிலர் எழுந்து வெளியேறுவர். இவ்வெளியேற்றத்துக்கு வழி திறந்ததில், எழுதிக் கொடுத்த அவ்விடைகளுக்கும் பங்குண்டு. விடை முன்னரே ஆயத்தமாயின் கதை வினாவிடைப் போதமாகின்றது. மாற்றுப் போதமுடைய வீட்டார் அஞ்சுதல் இயல்பே.

கீழ்வகுப்புச் சிறார் ஆசிரியர் சொல்லை அப்படியே ஏற்பர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதினரோ எதிர்வாதம் செய்யவல்லர்; தம் உடலும் உள்ளமும் மாறுதலைத் தாமே காண்போர். ஆதலின் இந்நூலை அவ்வகுப்பில் விதித்தல் தக்கதே. ஆனால் கேட்கவேண்டிய வினா, மெலிசா பெண்ணா என்பதன்று. சார்லொட் இறக்கும் பகுதியை வாசிக்கக் கேட்டு அவள் ஏன் அழுதாள், பாகத்தை மறுத்த ஆசிரியை எதற்கு அஞ்சினார் என்பனவே வினாக்கள். எந்த வீட்டுப் பிள்ளையும் நூலைப் புரட்டி இவற்றுக்கு விடை தேடலாம். தன் தந்தை சொல்வதையும் அங்கே சொல்லலாம்.