கைவிட்ட நிபந்தனை

பசியாவரத்திலிருந்து பழவேற்காட்டுக்குப் படகில் திரும்பிய ஒரு மாலையில், உடன்வந்த முதிய மீனவர் ஒருவர் அரசியல்வாதிகளின் வாக்கைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலையிடுவது என்று பாடு வைத்துப் பொதுவில் முடிவு செய்யும் வழக்கம் இவ்வேரியில் பழமையானது. "இடத்தை மாத்துறது தப்பில்ல சாமி, ஆனா கூட்டாளிங்ககிட்ட சொல்லாம மாத்தக் கூடாது" என்றார் அவர். அச்சொல் நம்மை 1989-ஆம் ஆண்டுக்கு அழைத்துச் சென்றது.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தமிட்டனர். தமிழரைக் காக்கவென்று இந்திய அமைதிப்படை இலங்கை சென்றது. அக்டோபருக்குள் அப்படையே விடுதலைப்புலிகளோடு பொருத நேர்ந்தது. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளரும் மருத்துவரும் மடிந்தது அம்மாதத்தில்தான். படையிலும் ஏறத்தாழ 1,200 பேர் உயிர் துறந்தனர். தமிழகத்திலோ, யாருக்காக இப்போர் என்ற கேள்வி ஓயவில்லை.

1989 ஜூன் 1 அன்று குடியரசுத் தலைவர் பிரேமதாசா, ஒப்பந்தத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவான ஜூலை 29-க்குள் படை வெளியேற வேண்டுமென அறிவித்தார். ராஜீவ் காந்தி மறுத்தார். ஒருதலையாகக் கெடு விதிக்க இயலாது. தமிழரின் பாதுகாப்பும் அதிகாரப் பகிர்வும் நிறைவேறுவதோடு இணைந்தே படை விலகும் என்பது அவருடைய நிலை. இருவருக்குமிடையே கடிதங்கள் கடுமையாகவே சென்று வந்தன. இந்நிலை வாதிடத்தக்கது என்றே கருதுகிறோம். ஒருவரைக் காக்கச் சென்றவன் அவர் பாதுகாப்புக்கு உறுதி கேட்பதில் பிழையென்ன?

ஆயினும் ஜூலை 28-இல் ஓர் உடன்பாடு வந்தது. மறுநாள் சில நூறு வீரர் புறப்பட்டனர். செப்டம்பர் 18-இல் மற்றோர் உடன்பாடு. டிசம்பர் 31-க்குள் படை முழுவதும் விலகப் பெருமுயற்சி செய்யப்படும் என்றது அது. கோடையில் அசைக்க முடியாததாய் நின்ற நிபந்தனை என்னவாயிற்று? ஓர் அமைதிக் குழுவாகவும் ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்புக் குழுவாகவும் தாளில் சுருங்கிற்று. நவம்பரில் பொதுத் தேர்தல் இருந்ததை மறந்துவிட்டு இம்மாற்றத்தைப் படிக்க நம்மால் இயலவில்லை. தேர்தலில் ராஜீவ் தோற்றார், வி.பி. சிங் அரசு எஞ்சிய படையையும் அழைத்துக்கொண்டது. 1990 மார்ச் 24-இல் இறுதி அணி திருகோணமலையை விட்டுக் கப்பலேறியது.

நிலை மாறியதை நாம் குறை கூறவில்லை. வெல்ல முடியாத போரை மானத்துக்காக நீட்டுவது அதனினும் பெரிய கேடு. தூய அகுஸ்தீனார் தம் முதுமையில், தாம் எழுதிய நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கெங்கே பிழைத்தோம் என்று தனி நூலே எழுதினார். வியத்நாம் போரை நடத்திய அமெரிக்க அமைச்சர் மெக்நமாரா, தாங்கள் தவறிழைத்ததாக 1995-இல் நூலொன்றில் ஒப்புக்கொண்டார். காலங்கடந்த ஒப்புதல்தான், ஆனாலும் ஒப்புதல். புதுதில்லியிலிருந்து அத்தகைய சொல் ஒன்றும் வரவில்லை. நேற்றைய நிலையும் இன்றைய நிலையும் ஒன்றே என்பது போலத்தான் அறிக்கைகள் பேசின. நம் குறை இதுவே.

இம்மௌனத்துக்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. வடகிழக்கு மாகாண ஆட்சி, இந்தியப் படையின் நிழலில் தமிழ்த் தேசிய இராணுவம் என்றொன்றை அமைத்தது. தெருவிலும் வீட்டிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் அதில் இருந்தனர். விடலைப் பருவத்தினரும் உண்டு. படை மாவட்டம் மாவட்டமாக விலக, புலிகள் அவர்கள்மேல் பாய்ந்தனர். தலைவர்கள் பலர் இந்தியா வந்து சேர்ந்தனர். கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்க்கோ கப்பலில் இடமில்லை. தாளில் இருந்த குழுக்கள் அவர்களுக்குத் துணை வரவுமில்லை.

பிரேமதாசாவின் கதையும் மேலானதன்று. அந்நியப் படையை விரட்டப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தது அவரது அரசு. 1990 ஜூனில் அதே புலிகளோடு போர் மூண்டது.

சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்பது அவர் கூறிய காரணம். காரணத்தை வெளிப்படையாகச் சொன்னாரே என்ற அளவில் நாம் மதிக்கிறோம். ஆனால் கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய் கொள்கை வகுத்தவன் அல்லன். அவர்களுள் மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த நம்மூர்ப் பிள்ளைகளும் இருந்தனர். அனுப்பியவர்களிடம் கேட்க வேண்டிய கணக்கை அவர்களிடம் கேட்டது போலாயிற்று.

1990-இல் மூண்ட போரால் அகதிகள் மீண்டும் கடல் கடந்தனர். இவ்வேரிக்கு அருகிலுள்ள கும்மிடிப்பூண்டியிலும் முகாம் அமைந்தது. அங்கே ஒரு தாயைச் சந்தித்தோம். அவருடைய மகன் 1989-இல் வீட்டு வாசலிலேயே பிடித்துச் செல்லப்பட்டவன். படை ஏன் வந்தது, ஏன் போனது என்றெல்லாம் அவர் நம்மிடம் கேட்கவில்லை.

"ஆமி போற நாளை எங்கட பிள்ளையளுக்கு ஆர் சொன்னது, ஃபாதர்?" என்று மட்டும் கேட்டார்.