தங்கவயலும் வெள்ளித்திரையும்

கோலார் தங்கவயல் என்றதும் இன்றைய இளைஞர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஊர் அல்ல, சினிமா. 2018 டிசம்பரில் பிரசாந்த் நீல் இயக்கிய ‘கே.ஜி.எப்.’ கன்னடத்திலிருந்து கிளம்பி இந்தியா முழுதும் ஓடியது. 2022 ஏப்ரலில் அதன் இரண்டாம் பாகமும், 2024 ஆகஸ்டில் தமிழில் பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ படமும் வந்தன. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், நம்மில் பலருடைய தாத்தாவோ மாமாவோ உழைத்த ஊர் அது. அந்த உழைப்பாளியைத் திரை எப்படிக் காட்டுகிறது என்று கேட்கும் உரிமை பெங்களூர்த் தமிழர்களுக்கு உண்டு. “சினிமாதானே, இதுக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா?” என்று சிலர் கேட்கக்கூடும். வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் சிலரே. மற்றவர்களுக்குப் படம்தான் பாடம்.

சாட்டையும் தூசியும்

‘கே.ஜி.எப்.’ படத்தின் தொழில்நுட்பத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஒளியும் ஒலியும் நம்மை இருக்கையில் கட்டிப்போடுகின்றன. ஆனால் அதில் வரும் ‘நராச்சி’ சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் அடிமைகள். அவர்களுக்குக் கூலி இல்லை, வாய் இல்லை. வெளியிலிருந்து ஒரு வீரன் வருகிறான். ஒற்றை ஆளாகக் கொடியவனை வெட்டிச் சாய்க்கிறான். கூட்டம் அவனைக் கும்பிடுகிறது.

நராச்சி கற்பனை ஊர் என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் படத்தின் பெயர் கற்பனை அல்லவே! கதையின் முக்கியப் பகுதி நடப்பது 1970களின் இறுதியில். உண்மையான தங்கவயலில் அப்போது நிலைமை என்ன? 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய பெருஞ்சுரங்கத் தொழில் 1956இல் மைசூர் அரசின் கைக்கு வந்தது. 1962இல் மத்திய அரசிடம் சென்றது. 1972 முதல் ‘பாரத் கோல்ட் மைன்ஸ்’ என்ற பொதுத்துறை நிறுவனமானது. அந்தக் காலத்துத் தங்கவயல்காரர் கையில் சம்பளச் சீட்டு இருந்தது, பையில் சங்கத்து அட்டை இருந்தது.

அப்படியானால் துன்பமே இல்லையா? நிறைய இருந்தது, அது வேறு வகைத் துன்பம். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கொண்டது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. கீழே வெக்கை. திடீரென்று பாறை வெடித்துச் சிதறும் அபாயம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கல் தூசி நுரையீரலில் படிந்து ஆளை உருக்கும் ‘சிலிகோசிஸ்’ நோய். சாட்டையைக் காட்டுகிற படம் தூசியைக் காட்டுவதில்லை. ஏனென்றால் சாட்டையை ஒரு வீரன் பிடுங்கி எறிய முடியும், தூசியை முடியாது. அதற்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், நஷ்ட ஈடு வேண்டும், சட்டம் வேண்டும், சட்டத்தைக் கேட்டு வாங்கச் சங்கம் வேண்டும். கேட்டு வாங்குகிற வேலை பல வருடங்கள் பிடிக்கும். இரண்டரை மணி நேரத்தில் அடங்காது.

தங்கலானின் எல்லை

‘தங்கலான்’ இதைவிடப் பொறுப்பான படம். வட ஆர்க்காட்டுச் சேரி மக்கள் ஏன் தங்கம் தேடிப் போனார்கள் என்ற கேள்விக்கு, நிலத்தையும் சாதியையும் சுட்டிக்காட்டி விடை சொல்கிறது. விக்ரமின் உழைப்பும் பார்வதியின் இயல்பான நடிப்பும் மனதில் நிற்கின்றன. ஆயினும் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுத்துத் தொன்மத்துக்குள் சென்றுவிடுகிறது. தங்கம் கிடைத்த பிறகுதான் கூலியின் கதை ஆரம்பிக்கிறது. அந்த இடத்தில் படம் முடிந்துவிடுகிறது.

தேயிலைத் தோட்டத்துக்கும் இதே கதிதான். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து, தொழிலாளர் சங்கத்துக்காகவும் பாடுபட்ட பி.எச். டேனியல், 1969இல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். அதைத் தழுவிய பாலாவின் ‘பரதேசி’ 2013இல் வந்தது. நாவலில் மனசாட்சியுள்ள மருத்துவர் ஒருவர் உண்டு. படத்திலோ மருத்துவர் கேலிச்சித்திரமாகிறார். முடிவில் கதறல் மட்டுமே மிஞ்சுகிறது. ஆக, நம் திரைக்குத் தெரிந்தவை இரண்டு வழிகள்: ஒன்று தனி வீரன், இல்லாவிட்டால் கண்ணீர்.

வீரன் இல்லாத வெற்றிகள்

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது தங்கவயலிலேயே நடந்தது. 1930இல் சுரங்கத் தொழிலாளர் அனைவரிடமும் கைரேகை வாங்கிப் பதிவு செய்ய ஏற்பாடாயிற்று. கைரேகை என்பது குற்றவாளியிடம் எடுப்பது. அது மானப் பிரச்சினை. வயிற்றுப் பிரச்சினையும் கூட. ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவர் அடுத்த சுரங்கத்தில் போய் வேலை கேட்க முடியாது. ஏப்ரல் மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். அன்று மைசூர் சமஸ்தானத்தில் தொழிற்சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரமே கிடையாது. அது 1940களில்தான் வந்தது. பெயர் சொல்லும்படி ஒரு தலைவரும் முன்னால் நிற்கவில்லை. மூன்று வாரம் தாக்குப்பிடித்தார்கள். பதிவுத் திட்டம் கைவிடப்பட்டது.

இவர்கள் ஊமைகளாக இருந்தவர்களும் அல்லர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவருடைய ‘தமிழன்’ இதழை அவர் மறைவுக்குப் பின் 1926 முதல் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் நடத்தினார். படிக்கிற கூட்டம் இருந்ததால்தான் பத்திரிகை நடந்தது.

இனி நம் நகரத்துக்கே வருவோம். 2016 பிப்ரவரியில் மத்திய அரசு வருங்கால வைப்பு நிதியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது: வேலையை விட்டாலும், முதலாளி செலுத்திய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கும் பெண்களுக்குப் பி.எப். பணம் முதுமைக்கான சேமிப்பு மட்டும் அல்ல. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், வீட்டுக்கு அட்வான்ஸ், கடனுக்கு வட்டி எல்லாம் அதுதான். ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஓசூர் சாலையிலும் தும்கூர் சாலையிலும் இறங்கி உட்கார்ந்தார்கள். எந்தச் சங்கமும் அழைக்கவில்லை. 19ஆம் தேதியே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. பலன் கிடைத்தது நாடு முழுவதும் உள்ள தொழிலாளர்களுக்கு. அந்தப் பெண்களைப் பற்றி நாம் பேசியது என்னவோ, “ரெண்டு நாளா ஒரே டிராபிக் ஜாம்” என்றுதான்!

1930ஐயும் 2016ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். இரண்டிலும் கூலி உயர்வு கேட்கப்படவில்லை. ‘எங்களைக் கேட்காமல் எங்கள் வாழ்க்கையில் கைவைக்காதே’ என்பதே கோரிக்கை. இரண்டிலும் தனி வீரன் இல்லை. ஆகவே சினிமாவுக்கு இவை கதையாகப் படவில்லை போலும்.

ஆனால் தலைவனில்லாத போராட்டத்தை மட்டுமே புகழ்ந்தால் அதுவும் பாதி உண்மையாகிவிடும். ஓர் ஆணையை நிறுத்த மூன்று வாரமோ இரண்டு நாளோ போதும்; கிடைத்த உரிமையைக் காப்பாற்ற நிலையான சங்கம் வேண்டும். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கவயல் மக்கள் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வரத் தொடங்கினார்கள். தாத்தாவுக்கு இருந்த சங்கம், ஒப்பந்த வேலை பார்க்கும் பேரனுக்கு இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. தொழிலாளி ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன அவை. கடிதத்தைக் கேட்டு வாங்குகிற துணிவு எங்கிருந்து வரும்? நம்மவர்கள் முன்பு கேட்டு வாங்கியிருக்கிறார்கள் என்ற அறிவிலிருந்துதான் வர வேண்டும். அடிமைப் பரம்பரை என்று திரையில் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அது வராது.

எனவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கவயலிலோ மில்லிலோ வேலை செய்த பெரியவர் வீட்டில் இருந்தால் அவரிடம் கேளுங்கள்: சம்பளம் எவ்வளவு, எப்போது ஸ்டிரைக் செய்தீர்கள், எதற்காகச் செய்தீர்கள் என்று. பழைய சம்பளச் சீட்டு, சங்க ரசீது, துண்டறிக்கை இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நாளை ஓர் இயக்குநர் நல்ல படம் எடுக்க நினைத்தால், அவருக்கு வேண்டிய சரக்கு அதில்தான் இருக்கிறது.