ருவான் நகரத்துத் துணித் தாய்

ஜொகூரில் கிராமத் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் எத்தனையோ பிள்ளைகள் இந்தக் கையில் விழுந்திருக்கின்றன. அந்த உரிமையில் சொல்கிறேன்: பேறு பார்க்கக் கற்றுக்கொடுக்க மனிதர் செய்த பொருள்களிலேயே ஆக அற்புதமானது பிரான்சின் ருவான் நகரத்து மருத்துவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மகளோடு பாரிஸ் போனபோது இதற்காகவே அங்கே போனேன். நாவலாசிரியர் ஃப்ளோபேர் 1821இல் பிறந்த பழைய ஆஸ்பத்திரிதான் அது. அவர் அறையை நான் சரியாகப் பார்க்கவில்லை. மனசெல்லாம் அந்த 'இயந்திரம்' மேலேயே.

ஆமாம், பெயரே இயந்திரம். ஆனால் இரும்பு கிடையாது, சக்கரம் கிடையாது. துணியும் தோலும் வைத்துத் தைத்த ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதி, அசல் அளவில். உருவாக்கியவர் ஆஞ்செலிக் து கூத்ரே என்ற மருத்துவச்சி. நாட்டுப்புறப் பெண்களுக்குப் பேறு பார்க்கக் கற்றுக்கொடுக்கும்படி 1759இல் 15ஆம் லூயி மன்னர் அவரை அனுப்பினார். 1783 வரை ஊர் ஊராகப் போனார். அவரிடம் தொழில் பழகியவர்கள் 5,000 பேருக்குக் குறையாது என்கிறார்கள். அவர்களில் பலருக்கு எழுத்தே தெரியாது. கையால் தொட்டுப் படிக்கத்தான் இந்தத் துணி உடம்பு.

பிள்ளைப் பொம்மையின் வாயைப் பார்க்க வேண்டுமே! திறந்திருக்கிறது, நாக்குகூட உண்டு. இரண்டு விரல் உள்ளே போகும். கால் முன்னால் வந்து தலை மாட்டிக்கொண்டால், வாய்க்குள் விரல் வைத்து மோவாயை நெஞ்சுப் பக்கம் குனியவைக்க வேண்டும். அப்போதுதான் தலை இறங்கும். பதறிப்போய் உடம்பைப் பிடித்து இழுத்தால் பிள்ளை போச்சு. எங்களுக்கும் பயிற்சியில் இடுப்பெலும்பும் பொம்மையும் கொடுத்துத்தான் தலை திரும்புவதைச் சொல்லித்தந்தார்கள். அந்த வாயைக் கண்டதும் அந்த அம்மாளின் காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது.

இழுத்தால் பிறப்பு வழி விரியும்படி கயிறுகள், இரட்டைப் பிள்ளைகள், தொப்புள்கொடி, நச்சுக்கொடி... எதையும் விடவில்லை அவர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது உள்ளே உண்மையான இடுப்பெலும்பே இருந்ததாம். யாரோ ஒரு இளம்பெண்ணுடையது. பெயர் தெரியாத அந்த மகளுக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

வியன்னாவின் யோசஃபினும் மருத்துவ அருங்காட்சியகத்தில், 2ஆம் யோசேப்பு பேரரசர் ஃப்ளோரன்ஸிலிருந்து தருவித்த மெழுகு உருவங்கள் இருக்கின்றன. அழகில் அவற்றை எதுவும் மிஞ்சாது. ஆனால் ஒரு தாதிக்கு எது உதவும் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் இந்தத் துணி இடுப்பைத்தான் காட்டுவேன்.

து கூத்ரே தைத்துக் கொடுத்த எத்தனையோ இயந்திரங்களில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். தாதிப் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளே, பாரிஸ் போனால் ஐஃபெல் கோபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள். சான் லசார் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ருவான் போய்விடலாம்.