இல்லாத உப்பு

ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கியான லாஃப்ரோய்க்கில் கடல் உப்பு தெரியுதுன்னு பலர் எழுதறாங்க. எனக்குக் கிடைச்சது டிஞ்சர் வாசனையும் புகையும்தான். மரக்காணம் உப்பளத்துல நின்னு பாருங்க: வர்றது சேற்று வாடை, உப்புக்கு வாசனையே கிடையாது. காய்ச்சி வடிக்கும்போதும் உப்பு ஆவியோடு வராது. பார்லியை உலர்த்தும் பீட் புகையின் பீனால்கள்தான் கடலை நினைவூட்டுது. கடலே இல்லாத பெங்களூரின் அம்ருத் ஃப்யூஷனிலும் அந்தப் புகை உண்டு. அதில் ஸ்காட்லாந்து பீட் பார்லியும் சேருது.

இல்லாத உப்பைக் கண்டுபிடிக்கும் நாக்கு, இருக்கும் விஷத்தைத் தவறவிடும். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு பத்துப் பேருக்கு மேல செத்தாங்க. நாக்குக்கு அதுவும் சாராயம்தான். ருசிக் குறிப்பை ரசிக்கலாம். சோதனைச் சான்றா எடுத்துக்கக் கூடாது.