தெற்கே நகரம், வடக்கே சென்னை: உரும்பிராயில் றாம் வாங்குதல்

உரும்பிராய்ச் சந்தியில் நின்று, கொம்பியூட்டருக்கு றாம் வாங்க யோசிக்கிற பொடியனுக்குப் பலாலி வீதி இரண்டு வழி காட்டுகிறது. தெற்கே பஸ் ஏறினால் கோண்டாவில், திருநெல்வேலி தாண்டி யாழ்ப்பாண நகரத்துக் கடைகள். வடக்கே பலாலிப் பக்கம், 2022 டிசம்பரில் மீண்டும் பறக்கத் தொடங்கிய சென்னை விமானம்; இறங்கினால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட் கடைகள். 2024 ஓகஸ்ட்டில் காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பலும் திரும்பத் தொடங்கியது. றாம் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவரக்கூடிய சாமான். அதனால் எந்த றாம் என்று கேட்கும்போதே எந்தக் கரையில் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

சரக்கு இரண்டு கரையிலும் ஒன்றுதான். பெட்டியில் கோர்செயர், ஜி.ஸ்கில், கிங்ஸ்டன், அடாட்டா என்று எது எழுதியிருந்தாலும், உள்ளே இருக்கும் சில்லைப் பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று கம்பனிகளில் ஒன்று செய்திருக்கும். குறித்த வேகத்துக்கு மேலே றாமை ஓட்டி ஓவர்க்ளொக் செய்பவர்கள் தேடுவது அந்தச் சில்லைத்தான். டிடிஆர்4 காலத்தில் சாம்சங்கின் பி-டை சில்லுக்குப் பெரிய மதிப்பு, அதற்கேற்ற விலை. கைக்கு எட்டும் விலையில் நன்றாக ஓடியது மைக்ரானின் இ-டை. அது வந்த குருஷியல் பலிஸ்டிக்ஸ் வரிசை 2022இல் நிறுத்தப்பட்டது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லைத் தேடிப் போக இடமுண்டு. ஒரு கடையில் இல்லாதது அடுத்த கடையில் இருக்கும். அங்கும் இல்லாவிட்டால் பெங்களூரு எஸ்பி ரோட்டிலிருந்தோ டெல்லி நேரு பிளேஸிலிருந்தோ கூரியரில் வரும். கோர்செயர் வெஞ்சன்ஸ் எல்பிஎக்ஸ் போன்ற றாமின் லேபிளில் ஒரு பதிப்பு எண் உண்டு. முதல் இலக்கம் 3 என்றால் மைக்ரான், 4 என்றால் சாம்சங், 5 என்றால் ஹைனிக்ஸ். விசயம் தெரிந்தவர் நாலு பெட்டியைப் புரட்டிப் பார்த்து எடுப்பார். நினைத்த வேகம் வராவிட்டால் பழைய சாமான் சந்தையில் விற்றுவிட்டு வேறொன்று வாங்குவார். பல பிராண்டுகளுக்கு ஆயுட்கால வாரண்டி இருப்பதால், பழுதானாலும் நாட்டுக்குள்ளேயே மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. இத்தனை வசதி இருக்கிற இடத்தில் கொஞ்சம் துணிந்து பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்துக் கடையில் கேட்டால், "தம்பி, 3200 தான் இருக்கு. வேறை வேணுமெண்டால் கொழும்பிலை சொல்லி எடுக்கவேணும்" என்பார்கள். கொழும்பு என்றால் பெரும்பாலும் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவும் அதைச் சுற்றிய கடைகளும். வாரண்டி பொதுவாக மூன்று வருடம், கடையின் ஸ்டிக்கரோடு. பழுதான றாம் திரும்பவும் கொழும்புக்குப் போய் வரவேண்டும். அதுவரை மெசின் சும்மா கிடக்கும். வரி என்று பார்த்தால் இந்தியாவின் ஜிஎஸ்டியும் 18 வீதம், 2024 ஜனவரியில் உயர்ந்த நமது வற்றும் 18 வீதம். பாரம் வேறிடத்தில் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் நின்ற நாணயம் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலரில் வாங்கி ரூபாயில் விற்கிற சாமானுக்கு அந்த அடி இன்னும் ஆறவில்லை. சின்னச் சந்தைக்குப் பத்து வகை கொண்டுவந்து அடுக்கிவைக்க எந்த வியாபாரியாலும் முடியாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் இங்கே கட்டுப்படியான விலை என்பதற்குள், திருப்பிக் கொடுக்கும் வழியின் விலையும் அடங்குகிறது. சில்லை நம்பிச் சூதாடாமல், கம்பனியே உறுதி சொன்ன வேகத்தை வாங்குவதுதான் உரும்பிராய்க்காரருக்குச் சரி என்பது என் துணிபு. அப்படி வாங்குவதால் பெரிய நட்டமும் இல்லை. றாமின் தாமதத்தைக் கணக்கிட, அதன் சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுக்க வேண்டும். 3200 சிஎல்16க்கு 10 நனோ செக்கன். கூடிய விலைக்கு விற்கிற 3600 சிஎல்18க்கும் அதே 10. சாதாரண 2666 சிஎல்19க்கு 14.25. ஆக, மலிவான 2666ஐ விட்டு 3200 சிஎல்16க்குப் போகிற படிதான் பெரிய படி. அதற்கு மேலே ஏறுகிற ஒவ்வொரு படிக்கும் காசு கூட, பலன் குறைவு.

றாமைப் பார்க்கமுன் மதர்போட்டைப் பார்க்கவேண்டும். இரண்டு நாட்டிலும் அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்பி மெசின்கள் தாராளமாக விற்கப்படுகின்றன. ஆறாம் தலைமுறை ஐ5 போட்ட அப்படியான மெசினில் 3200 றாமைப் போட்டாலும் அது 2133இல்தான் ஓடும். இன்டெலில் பி460 வரையான மலிவு போர்ட்கள் றாமின் வேகத்தைக் கூட்ட விடவில்லை; 2021இல் வந்த பி560தான் அந்தக் கதவைத் திறந்தது. ஏஎம்டியில் பி450, பி550 மட்டுமல்ல, சின்ன ஏ520கூட றாமின் வேகத்தைக் கூட்ட விடும். இந்த ஒன்றைக் கேட்காமல் வேகமான றாம் வாங்குகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

கிராபிக்ஸ் காட் வாங்க வசதியில்லாமல் ரைசன் 5600ஜி போன்ற சிப்போடு விளையாடுகிறவர்களுக்குத்தான் றாம் வேகத்தைக் கூட்டுகிற வேலையில் பலன் அதிகம். அந்தச் சிப்பின் கிராபிக்ஸ் றாமையே தன் நினைவகமாகப் பாவிக்கிறது. றாம் வேகம் கூடினால் விளையாட்டின் ஓட்டமும் கண்ணுக்குத் தெரியக் கூடும். ஒரு 16 ஜிபியை விட இரண்டு 8 ஜிபி போடுவது இங்கே கட்டாயம். இரண்டையும் ஒரே பெட்டியில், சோடியாக வாங்குவது நல்லது.

கூட்டிய வேகத்தைச் சோதிப்பதில் இரண்டு கரைக்கும் பொதுவான எதிரி வெக்கை. றாமின் கலங்களில் உள்ள மின்னேற்றம் சூட்டில் விரைவாகக் கசியும். மார்கழி இரவில் பிழையில்லாமல் ஓடிய அமைப்பு சித்திரை மதியத்தில் பிழை காட்டலாம். ஏசி இல்லாத அறையில், மத்தியானத்தில் மெம்டெஸ்ட்86 என்ற சோதனையை ஓடவிடுங்கள். பயாஸில் முதலில், கம்பனி உறுதி சொன்ன வேகத்தைத் தரும் எக்ஸ்எம்பியைப் போட்டு, அது பிழையின்றி நின்றபின் ஒவ்வொரு படியாக ஏறுங்கள். டிடிஆர்4க்கு 1.35 வொல்ட் போதும். மெசின் எழும்பவில்லையென்றால் கறன்டைக் கழற்றி, போர்ட்டில் உள்ள பட்டனைப் போன்ற பற்றரியை எடுத்துச் சற்று வைத்துப் போட்டால் பழைய நிலைக்கு வரும். பயப்பட வேண்டியது எழும்பாத மெசினுக்கு அல்ல. எழும்பி, ஓடி, கோப்புகளை ஓசையில்லாமல் பழுதாக்குகிற மெசினுக்குத்தான். வளாகத்துக்குக் கொடுக்கவேண்டிய ஆய்வறிக்கை அதற்குள் இருந்தால், 200 மெகாஹேர்ட்ஸுக்காக அதைப் பணயம் வைக்காதீர்கள்.

சென்னையிலிருந்தோ கனடாவில் இருக்கும் மாமாவிடமிருந்தோ வரும் றாம் மலிவாக இருக்கலாம். அதன் வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். யாராவது எப்படியும் வருகிறார்கள் என்றால் கொண்டுவரச் சொல்லலாம். அதற்கென்று டிக்கட் எடுத்துப் போனால் மிச்சம் ஒன்றும் இராது.

2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு சேவர்கள் சில்லுகளை வாரிக்கொள்ள, றாம் விலை எல்லா ஊரிலும் எகிறியது. அந்த டிசம்பரில் குருஷியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக மைக்ரான் அறிவித்தது. இந்த நிலையில் பாவித்த டிடிஆர்4 வாங்குவதில் தவறில்லை. விற்பவரின் மெசினிலேயே மெம்டெஸ்ட்86 ஒரு முழுச் சுற்று ஓடி முடியும்வரை இருந்து பார்த்து, முதல் பில்லையும் கேட்டு வாங்குங்கள். அது இங்கத்தைய கடையின் பில்லாக இருந்து, வாரண்டியில் மாதங்களும் மிச்சமிருந்தால், அந்த பில் உதவக்கூடும்.