கோவூரின் மறுப்பும் கிறிஸ்தவரின் விடையும்

இலங்கையின் நாத்திகச் சிந்தனை வரலாற்றிலே ஆபிரகாம் கோவூர் (1898-1978) தனியிடம் பெறுபவர். கேரளத்துத் திருவல்லாவில் மார்த்தோமா திருச்சபைக் குரு ஒருவரின் மைந்தராகப் பிறந்தவர்; யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி முதலிய கிறிஸ்தவக் கல்லூரிகளிலே ஆசிரியராக விளங்கியவர். ஆகவே அவருடைய மறுப்பு கிறிஸ்தவத்துக்குப் புறத்தே எழுந்ததன்று. அதன் இல்லத்தினுள்ளேயே எழுந்தது.

மோசடிக்கு இடமற்ற சூழலில் அற்புத ஆற்றலைக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் அளிப்பதாக 1963ஆம் ஆண்டில் அவர் அறைகூவினார். அவர் மறையும்வரை அப்பரிசை எவரும் வென்றாரில்லை. பேய், சோதிடம், மந்திரம் பற்றிய அவருடைய ஆய்வுகள் பலரை அச்சத்தினின்று விடுவித்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அவ்வறைகூவல் சோதித்தது அற்புதம் செய்வதாகக் கூறும் மனிதரையே. படைத்தவன் உளனா என்னும் வினா அதனால் தீர்வதன்று. 13ஆம் நூற்றாண்டினரான தோமஸ் அக்குவைனாஸ், உலகுக்குத் தொடக்கம் உண்டென்பதைத் தருக்கத்தால் நிறுவ இயலாது எனக் கொண்டவர். உள்ளவை யாவும் ஒவ்வொரு கணமும் எதனைச் சார்ந்து நிலைபெறுகின்றன என்பதே அவர் எழுப்பிய வினா. இதனைக் கருதாது அற்புதங்களை எண்ணிக்காட்டிக் கோவூரை மறுக்க முனையும் கிறிஸ்தவர், அவருடைய களத்திலே நின்று தோற்பவராவர்.

இதனினும் நேர்மையான விடையை 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அளித்தது. ‘இன்றைய உலகில் திருச்சபை’ பற்றிய அதன் ஏடு நாத்திகத்தை ஏற்கவில்லை. எனினும், உலகின் தீமையைக் கண்டு எழும் சினமும் நாத்திகத்துக்குக் காரணமாகலாம் என்றது. நம்புவோரின் பிழையான போதனையும் குறையுள்ள வாழ்வும் இறைவனை மறைத்துவிடுகின்றன என்றும் ஒப்புக்கொண்டது.

அச்சினத்தின் வலிமையை உணர வீரமுனைக்கு அண்மையிலுள்ள கடற்கரையை நினைத்தாலே போதும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை ஆகிய ஊர்களிலே இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒருங்கே கடலுக்கு இரையாயினர். இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பிள்ளையை இழந்த தாயிடம் அதனைத் தண்டனை என விளக்கும் சமயவாதி, கோவூரினும் விரைவாக நாத்திகரை உருவாக்குவான். கிறிஸ்தவம் காட்டும் இறைவன் சிலுவையிலே துன்புற்றவன். துன்புறுவோர் பக்கம் நின்றாலன்றி, அவ்விறைவனைப் பற்றிய எந்த வாதமும் அக்கரையிலே செல்லுபடியாகாது.