புள்ளியும் லயமும்

இலங்கையின் ஊவா மாகாணத்துத் தோட்டங்களைத் தேசப்படத்தில் ஏற்றப் புகுவோர் முதலில் நாடுவது, அட்சரேகை தீர்க்கரேகை என்னும் இரண்டு எண்களைத் தரவுத்தள வினவலுக்குள்ளேயே புள்ளியாக்கிவிடும் முறையையே. போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் எஸ்டி மேக்பாயிண்ட் என்னும் ஒற்றைச் சொல் அதைச் செய்துவிடுகிறது. தோட்ட எழுதுவினைஞர் ஒருவர் கையடக்கத் தொலைபேசியில் குறித்துவந்த, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் பட்டியல் அன்றைக்கே படமாகிவிடுவது அற்பமான நன்மையன்று.

ஆயினும் அச்சொல் தீர்க்கரேகையையே முதலில் எதிர்பார்க்கிறது. நம் நாவோ அட்சரேகையை முதலிற் சொல்லிப் பழகியது. வடக்கு 6.99, கிழக்கு 81.06 பாகைகளில் இருக்கும் பதுளையை அப்பழக்கப்படி எழுதினால், அது ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடமேற்கே ஆர்க்டிக் சமுத்திரத்தில் போய் விழும். இப்பிழையை நான் பெரிதாகக் கருதுவதில்லை. படத்தைத் திறந்த கணமே அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அஞ்சத்தக்கது காட்டிக்கொடாத பிழை. எண்கள் எந்தப் பூமி அளவையை, அதாவது எந்த ஆதாரத்தை, சார்ந்தவை என்று அச்சொல் கேட்பதில்லை. செய்மதி இடங்காட்டிகளின் ஆதாரத்தைக் குறிக்கும் 4326 என்னும் இலக்கத்தைப் பின்னர் நாம் ஒட்டுகிறோம், ஒட்டுவதோ முத்திரையேயன்றி மாற்றமன்று. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படங்கள் எவரெஸ்ட் கோளவுருவைத் தழுவிய கந்தவல ஆதாரத்தில் அமைந்தவை. அவற்றிலிருந்து பெயர்த்த பாகைகளின்மேல் 4326 என்று எழுதினால், தரவுத்தளம் மறுப்பின்றி ஏற்கும். புள்ளியோ நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கும். சமவெளியில் அது பொறுக்கத்தக்க விலகலாகலாம். ஊவாவின் சரிவிலோ மண்சரிவு எல்லைக்குள் இருக்கும் லயமொன்றைப் படத்தில் எல்லைக்கு வெளியே வைத்துவிடும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அங்கே எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆதலின் அத்துயரைத் தரவின் குறையென்று சொல்வது நீதியாகாது. எனினும் ஒரு லயம் சரியாக எங்கே நிற்கிறது என்பது எத்துணைப் பாரதூரமான கேள்வி என்பதை அந்த மலைச்சரிவு உணர்த்திவிட்டது.

இன்னொரு குறை கணிதத்தினுடையதன்று, நம்முடையது. தோட்டம் முழுவதற்கும் அலுவலகத்தில் ஒரே புள்ளியை வைத்துவிட்டுத் திருப்தியடைகிறோம். தோட்டத்தின் பிரிவுகளான டிவிஷன்களோ மைல்களுக்கு அப்பால் வேறு வேறு சரிவுகளில் கிடக்கின்றன. தொழிலாளியின் கடிதத்தை லயத்துக்குக் கொண்டுசேர்க்காமல் அலுவலகத்தோடு நிறுத்திய அதே மனோபாவம் இது.

ஆகவே வினவலில் புள்ளி ஆக்குவது பரீட்சைக்கு உகந்தது. உயிர் தங்கியிருக்கும் பதிவேட்டுக்கு அதுமட்டும் போதாது. அங்கே புள்ளிகள் தம் ஆதார இலக்கத்தோடும் தேடலை விரைவாக்கும் சுட்டியோடும் நிரந்தர நிரலாக இருத்தல் வேண்டும். குறிக்கச் செல்லும் அன்பர்களே, எண்களுக்குப் பக்கத்தில், அவை எந்த ஆதாரத்தில் எடுக்கப்பட்டவை, எந்த லயத்தின் வாசலில் நின்று எடுக்கப்பட்டவை என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.